டஃப் ஏ15-ஆ, லாக் 15-ஆ? இரண்டிலும் 4060தான், எதை எடுப்பது?

நள்ளிரவு_ஆட்டக்காரன்

வணக்கம். கேமிங் லேப்டாப் ஒன்று வாங்கப் போகிறேன். ரிவ்யூ வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இப்போது குழப்பம்தான் மிச்சம். கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறேன், இரண்டும் 2023 மாடல்கள், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் விலையை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

ஒன்று ஆசஸ் டஃப் கேமிங் ஏ15: ரைசன் 7 7735ஹெச்எஸ், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப் (140 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்), 16 ஜிபி டிடிஆர்5, 15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி 144 ஹெர்ட்ஸ், 90 வாட்-அவர் பேட்டரி.

இன்னொன்று லெனோவோ லாக் 15, ஏஎம்டி வகை: ரைசன் 7 7840ஹெச்எஸ், அதே 4060 ஆனால் 115 வாட், அதே 16 ஜிபி, அதே 15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி 144 ஹெர்ட்ஸ், 60 வாட்-அவர் பேட்டரி.

ஆடுவது என்றால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (சிஎஸ்2) தினமும், வேலரன்ட் அவ்வப்போது, விடுமுறை வந்தால் சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் மாதிரி பெரிய ஆட்டங்கள். இடையிடையே கொஞ்சம் வீடியோ எடிட்டிங். நடுவே இருக்கும் அந்த 25 வாட் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியுமா? ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு டஃப் வாங்கு என்கிறார், இன்னொருவர் லாக்கில்தான் பிராசசர் புதிது என்கிறார், மூன்றாமவர் இரண்டும் வேண்டாம், அந்தக் காசுக்கு டெஸ்க்டாப் கட்டு என்கிறார். டெஸ்க்டாப் எனக்கு ஒத்துவராது, தயவுசெய்து அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

வாட்_வாத்தியார்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு வேகம். ஒரே 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று லேப்டாப் நிறுவனங்களுக்கு என்விடியா விட்டுவிட்டது, அதற்கு மேலே டைனமிக் பூஸ்ட் என்று 25 வாட், ஆக மொத்தம் 140. டஃப் அந்த உச்சி வரைக்கும் போகிறது, லாக் போகவில்லை. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வாட்டைப் பார்த்து வாங்குங்கள். டஃப்.

சிலிக்கன்_சித்தன்

வாத்தியார் சொல்வது 100 வாட் வரைக்கும் சரி, அதற்கு மேல் சரியில்லை.

35 வாட் 4060-க்கும் 100 வாட் 4060-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, மெல்லிசான லேப்டாப்பில் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 4060-க்குள் இருப்பது ஏடி107 என்ற சின்னச் சிப், 3072 கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்). அதை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டுமானால் க்ளாக்கை ஏற்ற வேண்டும், க்ளாக்கை ஏற்ற வோல்டேஜை ஏற்ற வேண்டும், அந்த வோல்டேஜுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் 100 வாட் பக்கத்தில் வரும்போதே சிப் அந்த வரம்பைத் தொட்டு நின்றுவிடும். மேற்கொண்டு கொடுக்க லேப்டாப் தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ளச் சிப் தயாராக இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் 140 வாட் 4060 வைத்திருக்கும் யாரிடமாவது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளை ஓடவிட்டு அரை மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட்' என்று ஆரம்பிக்கும் சில வரிகள் இருக்கும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் என்ற வரியில் 'நோ' என்றும் ரிலையபிலிட்டி வோல்டேஜ் என்ற வரியில் 'யெஸ்' என்றும் நிற்கும். பவர் போதவில்லை என்று சிப் கேட்கவே இல்லை என்று அர்த்தம். சில ஆட்டங்களில் இரண்டு மூன்று ஃப்ரேம் கூடக் கிடைக்கலாம், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இத்தனைக்கும் டெஸ்க்டாப்பில் வரும் 4060-க்கும் அதே 3072 கோர்தான், அதன் மொத்த பவரே 115 வாட்தான். (4070-இல் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே டெஸ்க்டாப்பில் 5888 கோர் 12 ஜிபி, லேப்டாப்பில் 4608 கோர் 8 ஜிபி. ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு.)

ஆக இந்த இரண்டு லேப்டாப்பிலும் கிராபிக்ஸ் சமம் என்று வைத்துக்கொண்டு, வித்தியாசத்தை வேறு இடத்தில் தேடுங்கள். ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டு ஸ்டிக்கா? திரை எந்த வகை? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

திரைப்பித்தன்

சித்தர் கேட்டதையே நானும் கேட்கிறேன். "ஃபுல் ஹெச்டி 144 ஹெர்ட்ஸ்" என்று எழுதியதோடு நிறுத்திவிட்டீர்கள், சிக்கலே அங்கேதான். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரையைப் போட்டு விற்பது இந்த வகை லேப்டாப்பில் சர்வசாதாரணம், டஃபிலும் உண்டு, லாக்கிலும் உண்டு. ரிவ்யூ செய்தவர் கையில் இருந்தது நல்ல திரையாக இருக்கும், உங்கள் பெட்டியில் வருவது வேறாக இருக்கும். மாடல் பெயரோடு விடாமல் அதன் பின்னால் வரும் நீளமான எண் வரைக்கும் சரிபார்த்து, அந்த எண்ணுக்கு உரிய விவரப் பட்டியலில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருக்கிறதா, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள்.

45 என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபி கணக்கில் 62, 63 சதவீதம்தான் வரும். 72 என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி. ஆடுவதற்கு மட்டும் என்றால் வெளிறிய திரையோடும் காலம் தள்ளலாம், பழகிவிடும். எடிட்டிங் என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கும். முகத்தில் களையே இல்லையே என்று நினைத்துச் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுவீர்கள், இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள், உங்கள் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். அதே வீடியோவைப் போனில் திறந்தால் ஆள் தக்காளிச் சிவப்பில் நிற்பார்.

இன்னொன்று, இந்த மலிவுத் திரைகள் பெரும்பாலும் மந்தமானவையும்கூட. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமின் ஆயுள் 6.9 மில்லிசெகண்ட். பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற அதைவிட அதிக நேரம் எடுத்தால், அடுத்த ஃப்ரேம் வந்த பிறகும் முந்தைய ஃப்ரேமின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகமாகத் திரும்பும்போது எதிரிக்குப் பின்னால் வால் மாதிரி இழுக்கும். ஸ்டிக்கரில் 144 என்று ஒட்டியிருப்பார்கள், அதில் பாதிதான் அனுபவத்துக்கு வரும்.

நள்ளிரவு_ஆட்டக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. நீளமான எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டேன். டஃபில் 100 எஸ்ஆர்ஜிபி திரை, ஜி-சிங்கும் (திரையின் வேகத்தை ஃப்ரேமோடு ஒத்துப்போகச் செய்யும் வசதி) உண்டு. லாக்கில் எனக்குக் கிடைக்கும் வகை 45 என்டிஎஸ்சி. ரேம் விஷயத்தில் தலைகீழ்: லாக்கில் 8+8, டஃபில் ஒரே 16 ஜிபி ஸ்டிக்.

ஆனால் வீட்டில் 27 இன்ச் 1440பி மானிட்டர் ஒன்று இருக்கிறது, ஆடுவது எல்லாம் அதில்தான். அப்படியானால் லேப்டாப் திரை எப்படி இருந்தால் என்ன?

ஃப்ரேம்_வேட்டை

மானிட்டர் இருக்கிறது என்றால் திரைப் பேச்சு முடிந்தது, லாக் எடுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 தினமும் ஆடுகிறேன் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருக்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஆட்டத்தில் 4060-க்குப் பெரிய வேலை இல்லை, முக்கால்வாசி நேரம் உழைப்பது பிராசசர்.

7735ஹெச்எஸ் என்ற பெயரைப் பார்த்துப் புதுசு என்று நினைக்க வேண்டாம். ஏஎம்டி அந்த வரிசையில் வைத்த நான்கு எண்ணில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் தலைமுறையைச் சொல்லும். 7735-இல் மூன்றாவது எண் 3, அதாவது ஜென் 3+, 2022-இல் வந்த 6800 வரிசைச் சிப்பையே எடுத்துப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். 7840-இல் மூன்றாவது எண் 4, அதாவது ஜென் 4. முதல் எண் 7 என்பது வெறும் வருடக் கணக்கு, அதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். இரண்டிலும் 8 கோர் 16 த்ரெட் இருந்தாலும் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் ஜென் 4 தெளிவாக முன்னால் நிற்கும்.

சராசரி ஃப்ரேமை விடுங்கள், நான் பார்ப்பது 1 சதவீத லோ, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம். நாலு பேர் ஒரே நேரத்தில் புகைக் குண்டு வீசி, நடுவே ஒருத்தன் சுட்டு அந்தப் புகையில் ஓட்டை விழும் நொடியில் ஃப்ரேம் எவ்வளவு சரிகிறது என்பதுதான் கேள்வி. சராசரி 200 காட்டிவிட்டு அந்த நொடியில் 80-க்குப் போனால் அந்த 200-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு லாக்கில் 8+8 டூயல் சேனல் வேறு. டஃபில் ஒற்றை ஸ்டிக். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

சிலிக்கன்_சித்தன்

வேட்டை சொல்வதில் பிராசசர் பற்றிய பகுதி முழுக்கச் சரி, பெட்டியைப் பிரித்தவுடன் அப்படியே ஆடினால் சிஎஸ்2-வில் லாக்தான் முந்தும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பெரிய பங்கு பிராசசரால் வருவதல்ல, ஒற்றை ஸ்டிக்கால் வருவது.

ஒரு ஸ்டிக் என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே 64 பிட் அகலம்தான், இரண்டு என்றால் 128. கிராபிக்ஸுக்குத் தனியாக 8 ஜிபி இருப்பதால் சைபர்பங்க் மாதிரி ஆட்டங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, பிராசசரை நம்பி ஓடும் ஆட்டங்களில் நன்றாகத் தெரியும், குறிப்பாக வேட்டை சொன்ன அந்த 1 சதவீத லோவில். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்து இணையத்தில் பெரிய சண்டையே நடக்கிறது. டிடிஆர்5-இல் ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளுக்குள் 32 பிட் அகலத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால் ஒரே ஒரு ஸ்டிக் போட்ட லேப்டாப்பிலும் சிபியு-இசட் என்ற விவரம் காட்டும் மென்பொருளைத் திறந்தால் '2 x 32 பிட்' என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு "எனக்கு ஏற்கெனவே டூயல் சேனல்தான்" என்று சந்தோஷப்படுகிறார்கள். இல்லை. இரண்டு ஸ்டிக் சரியாக உட்கார்ந்திருந்தால் '4 x 32 பிட்' என்று வர வேண்டும்.

டஃபில் இன்னொரு ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போட்டால் 32 ஆகிறது, குறையும் தீர்கிறது. லாக்கில் இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிவிட்டது, நாளைக்கு 32 வேண்டுமென்றால் இருக்கும் இரண்டையும் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகள் பெரும்பாலும் நான்கே நான்கு சிப் கொண்ட 1ஆர்எக்ஸ்16 வகை, எட்டுச் சிப் உள்ள 16 ஜிபி ஸ்டிக்கைவிட ஒரு படி மெதுவானவை. ஆக 8+8 என்பது ஒற்றை 16-ஐவிட நல்லது, 16+16-ஐவிடச் சுமார்.

அப்புறம் அந்த 1440பி மானிட்டர். ஃபுல் ஹெச்டியில் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், அதாவது 1.78 மடங்கு. பெரிய ஆட்டங்களை அதில் ஓட்டும்போது இரண்டு லேப்டாப்பிலும் மூச்சு வாங்குவது 4060தான், பிராசசர் காத்துக்கொண்டு நிற்கும், அங்கே ஜென் 3+-ஆ ஜென் 4-ஆ என்பது கணக்கிலேயே வராது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதியை 'குவாலிட்டி'யில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே 960பி-யில் வரைந்து 1440பி-க்கு உயர்த்திக் கொடுக்கும், 4060-க்கு அதுதான் சரியான அளவு. எல்டன் ரிங் கவலையே வேண்டாம், அந்த ஆட்டமே 60 ஃப்ரேமில் பூட்டியிருக்கிறது, எந்த லேப்டாப் வாங்கினாலும் அதே 60தான்.

திரைப்பித்தன்

மானிட்டர் இருந்தால் திரைப் பேச்சு முடிந்தது என்று சொன்னது யார்? எடிட்டிங்கை எங்கே உட்கார்ந்து செய்கிறார் என்று கேட்டீர்களா? @நள்ளிரவு, சொல்லுங்கள்.

நள்ளிரவு_ஆட்டக்காரன்

எடிட்டிங் பெரும்பாலும் வெளியேதான். பகலில் லேப்டாப் பையில் கூடவே வரும், வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குள் கிடைக்கும் நேரத்தில் வெட்டி ஒட்டும் வேலை நடக்கும். பக்கத்தில் பிளக் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேபிள்_கந்தன்

அட, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பதிவு தேவைப்பட்டிருக்காதே! பிளக் இல்லை என்றால் 60-க்கும் 90-க்கும் நடுவே ஒன்றரை மடங்கு. வேறு எந்தக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

நான் லாக் வைத்திருக்கிறேன், வேறு வகை, இன்டெல் உள்ளது. நல்ல லேப்டாப், குறை சொல்ல மாட்டேன். முக்கால்வாசி போர்ட்டுகள் பின்பக்கம் இருப்பதால் மேஜையில் நிரந்தரமாக வைத்தால் கேபிள்கள் கண்ணில் படாது, மவுஸ் கையை இடிக்காது, ஆரோ கீகள் முழு அளவில் இருக்கும், கேமராவை அணைக்கப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. எஃப்என்+க்யூ அழுத்தினால் பவர் பட்டன் விளக்கு நிறம் மாறும், நீலம் என்றால் அமைதி, வெள்ளை என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் முழு வேகம். சிவப்பில் ஹெட்ஃபோன் இல்லாமல் ஆட முடியாது, ஃபேன் அவ்வளவு சத்தம் போடும். இதில் டஃப் ஒன்றும் சாது இல்லை, டர்போவில் அதுவும் அதே கதைதான். இந்த வகை லேப்டாப்பில் சத்தம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் வெளியே தூக்கிக்கொண்டு போவதற்கு என்று பார்த்தால் நான் லாக்கைச் சொல்ல மாட்டேன். சுமார் 2.4 கிலோ, சார்ஜரைச் சேர்த்தால் பை தோளை இழுக்கும், அத்தனையும் சுமந்துகொண்டு போன பிறகு பேட்டரி 60தான் என்றால் எரிச்சல்தான் வரும். டஃப் 2.2 கிலோ, பேட்டரி 90. இரண்டையுமே டைப்-சி சார்ஜரால் ஏற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. எடிட்டிங்குக்கு 100 வாட் டைப்-சி சார்ஜர் போதும், பெரிய செங்கல்லை வீட்டிலேயே விட்டுவிடலாம். அதை வைத்து ஆடப் பார்க்காதீர்கள், வேகம் சட்டென்று விழுந்துவிடும்.

பேட்டரியில் ஓடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள், எந்த லேப்டாப் ஆனாலும். 4060 தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னணியில் ஏதோ ஒரு ஆப் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் 90 வாட்-அவரும் கரைந்துவிடும். டஃபில் ஆசஸின் ஆர்மரி க்ரேட் மென்பொருளில் ஈகோ மோட் என்று ஒன்று உண்டு, 4060-ஐ முழுசாக அணைத்துவிட்டு ரைசனுக்குள் இருக்கும் ரேடியான் கிராபிக்ஸை மட்டும் வைத்து ஓட்டும். ஆர்மரி க்ரேட் கனமாக இருக்கிறது என்று பலர் அதற்குப் பதிலாக ஜி-ஹெல்பர் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுக்கொள்கிறார்கள், அதிலும் அந்த வசதி இருக்கிறது. லாக்கில் லெனோவோவின் வான்டேஜ் மென்பொருளுக்குள் இதே மாதிரி ஒன்று உண்டு. கூடவே பேட்டரிக்கு மாறும்போது திரையை 144-இலிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். எடிட்டிங்கில் எஃபெக்ட் நிறையப் போடுபவர் என்றால் 4060 விழித்துத்தான் ஆக வேண்டும், அப்போது எந்தப் பேட்டரியும் தாங்காது, அந்த வேலையை வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பொறுமைசாலி

நடுவே வருவதற்கு மன்னிக்கவும். 2025-இல் 50 சீரிஸ் லேப்டாப்புகளே வந்துவிட்டன, இப்போது போய் ஏன் 4060? ஒருவேளை காசு கொஞ்சம் மிச்சமாக வேண்டுமென்றால் 4050 எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே?

சிலிக்கன்_சித்தன்

லேப்டாப் 5060-லும் அதே 8 ஜிபிதான். மெமரி ஜிடிடிஆர்7 ஆகியிருக்கிறது, மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவே செயற்கை ஃப்ரேம்களைச் செருகும் வசதி) உண்டு, அதே விலைக்குக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய தொகை வித்தியாசம் என்றால் அவசரம் இல்லை. மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனைப் பார்த்து மயங்க வேண்டாம். அடிப்படை ஃப்ரேம் 30-இல் தள்ளாடும்போது அதைப் பெருக்கிக் காட்டினால் மீட்டரில் எண் ஏறும், மவுஸில் அந்த 30-இன் மந்தம் அப்படியே இருக்கும். சிஎஸ்2 ஆடுபவருக்கு அது உதவாது.

4050 மட்டும் வேண்டாம். 2560 கோர் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 6 ஜிபி மெமரி, அதுவும் 96 பிட் அகலத்தில், அதுதான் இடிக்கும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம் குறைந்தபட்சத் தேவை என்று போட்டதே 8 ஜிபி உள்ள 2060 சூப்பர். 2025-இன் டூம் தி டார்க் ஏஜஸும் 8-க்குக் கீழே வைத்து எழுதவில்லை. இனி வருவதெல்லாம் அந்தப் பாதையில்தான். 1440பி மானிட்டர் வைத்துக்கொண்டு 6 ஜிபி வாங்கினால் டெக்ஸ்சரை இறக்கி இறக்கியே காலம் போய்விடும்.

வாட்_வாத்தியார்

கடைசியில் எல்லோரும் சுற்றி வந்து டஃபுக்கே வந்துவிட்டீர்கள், நான் இரண்டாவது பதிவிலேயே சொன்னேன் :)

ஃப்ரேம்_வேட்டை

வாட்டுக்காக வரவில்லை ஐயா, பேட்டரிக்கும் திரைக்கும் வந்திருக்கிறார்கள். நான் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜென் 4-ஐ விட்டுவிட்டு ஜென் 3+ வாங்குவது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. ரேமை இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கும் மாற்றலாம். பிராசசர் போர்டோடு பற்றவைத்தது, இந்த லேப்டாப் உள்ளவரை அதுதான். எந்நேரமும் மேஜையிலேயே இருக்கும் ஆளாக இருந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் லாக் என்றிருப்பேன். தூக்கிக்கொண்டு அலைபவர் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள், டஃப் வாங்கினால் இரண்டாவது ஸ்டிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். லேப்டாப்போடு சேர்த்தே அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். ஒற்றை ஸ்டிக்கோடு சிஎஸ்2 ஆடிவிட்டு டஃப் சரியில்லை என்று இங்கே வந்து எழுதக் கூடாது.

நள்ளிரவு_ஆட்டக்காரன்

சரி, டஃப் என்று முடிவு செய்துவிட்டேன். திரையும் பேட்டரியும் எனக்கு அன்றாடம் தேவை, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் ஃப்ரேம் எனக்கு எப்படியும் தெரியப் போவதில்லை, மானிட்டரும் 144தான். வேட்டை சொன்னபடி ஸ்டிக்கும் சேர்த்தே வாங்குகிறேன்.

இரண்டு கேள்வி. பெட்டி கைக்கு வந்ததும் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? ரேம் 4800 வாங்குவதா, 5600 வாங்குவதா? 5600-க்கும் பெரிய விலை வித்தியாசம் இல்லை.

திரைப்பித்தன்

வந்த அன்றைக்கே திரையைப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, அப்புறம் சிவப்பு பச்சை நீலம் என்று ஒவ்வொன்றாகத் திரை முழுக்க நிரப்பிப் பாருங்கள், செத்த பிக்சல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பில் ஓரங்களைப் பாருங்கள், ஐபிஎஸ் திரையில் கொஞ்சம் வெளிச்சம் கசிவது இயல்புதான், ஒரே மூலையில் மட்டும் டார்ச் அடித்த மாதிரி இருந்தால்தான் மாற்றச் சொல்ல வேண்டும். முக்கியமாக வந்திருப்பது 100 எஸ்ஆர்ஜிபி திரைதானா என்று பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் நீள எண்ணை வைத்து மறுபடி ஒப்பிடுங்கள்.

சிலிக்கன்_சித்தன்

என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால் கீழே இடது மூலையில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். அதில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் 140 வாட் என்று வர வேண்டும். (வாத்தியாருக்காக.) ஆடும்போது பிராசசர் 90 டிகிரியைத் தாண்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், 7735ஹெச்எஸ்-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லையே 95, அந்த எல்லையைத் தொட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தாலே காற்று நன்றாகப் போகும். எந்நேரமும் பிளக்கில் வைத்து ஆடும் நாட்களில் பேட்டரி வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள், வெளியே போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 100.

ரேம் 4800 போதும். 5600 போட்டாலும் 7735ஹெச்எஸ் அதை 4800-இல்தான் ஓட்டும், அந்த வேகம் 7840-க்கு உரியது. வாங்கும்போது சோடிம் (லேப்டாப்புக்கான சின்ன ஸ்டிக்) வகையா என்று பாருங்கள், டெஸ்க்டாப் ஸ்டிக் நீளம் அதிகம், உள்ளே போகாது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8 என்று எழுதியிருந்தால் புதியதும் அதே மாதிரி இருக்கட்டும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அப்புறம் ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி அழுத்துங்கள், இரண்டு பக்கக் கொக்கியும் 'க்ளிக்' என்று விழ வேண்டும். மாட்டிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், டிடிஆர்5 புது ஸ்டிக்கோடு பழக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஃபேன் ஓடும், எதுவும் வராது. கெட்டுப்போய்விட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள், தானாக வரட்டும். வந்ததும் சிபியு-இசட்டில் '4 x 32 பிட்' இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை.